தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

"பிள்ளையைப் பார்த்துக்கன்னு கூட்டிட்டு வந்தா, கோழிக்கு மாளிகை கட்டிட்டிருக்காளா உன் பெண்டாட்டி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா ஆரம்பித்துவிட்டாள். வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு தம்பி கொல்லையில் கூண்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.

அவள் கையில் ஒரு காலிப் பை. தம்பி மகளின் துணிமணியை அதில் அடைத்து, அவளைக் கையோடு கூட்டிப் போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். தாயில்லாப் பெண். புதிதாக வந்தவளோ பிள்ளையோடு நாலு வார்த்தை பேசுவதில்லை, பொழுதுக்கும் கொல்லையிலேயே கிடக்கிறாள் என்று பக்கத்து வீட்டம்மா போனில் ஒப்பித்திருந்தாள்.

கொல்லையில் பழைய கோழிக்கூண்டு இரண்டு மடங்காக நீண்டிருந்தது. இந்தப் பக்கம், போய்ச் சேர்ந்த முதல் மனைவி வளர்த்த சிவப்புக் கோழிகள். அந்தப் பக்கம், புதியவள் தன்னோடு கொண்டு வந்த கூட்டம்: வெள்ளைக் கோழிகள், மொட்டைக் கழுத்துக் கோழி ஒன்று, ஒரு ஜோடி வாத்து, எதற்கெடுத்தாலும் கத்துகிற ஒரு கினிக்கோழி.

"ஊர்ல பொண்ணுங்க பெட்டியோட வருவாங்க. இவ கூண்டோட வந்திருக்கா."

நடுவில் கம்பி வலை, அதில் ஒரு சின்னக் கதவு.

"பார்த்தியாடா? கோழியிலேயே உன்னது என்னதுன்னு பாகம் பிரிச்சிட்டா."

"அப்படியில்லக்கா..."

"நீ ஆணியை அடி."

புது மனைவி தீனிச் சட்டியோடு வந்தாள். "வாங்க அண்ணி" என்று பையை வாங்கக் கை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு காயம் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"கோழி கொத்திடுச்சு அண்ணி."

"கொத்துற கோழியை நானா இருந்தா அன்னைக்கே அடுப்புல ஏத்தியிருப்பேன்."

"ஐயையோ, அது நல்ல கோழி அண்ணி. புது ஆளு வந்தா பயப்படத்தானே செய்யும்."

பையை மட்டும் அக்கா கொடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் இன்னும் கோபம் ஏறியது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் புதியவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் படிக்குப் போய்விட்டாள். மேசையருகே ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது.

"இங்க உட்கார்ந்து சாப்பிட்டா என்னம்மா?"

"கோழிங்களைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டாதான் எனக்கு இறங்கும் அண்ணி."

வாத்தோடு சாப்பிடத் தெரிகிறது, வளர்க்க வேண்டிய பிள்ளையோடு சாப்பிடத் தெரியவில்லை என்று அக்கா மனசுக்குள் பொருமினாள். அந்தப் பிள்ளையோ தட்டை விட்டு நிமிரவில்லை. ஒரு காலத்தில் வீட்டையே தலைகீழாக்கி, 'வாலு' என்று பேர் வாங்கியவள்.

சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"வாலு, துணியெல்லாம் இந்தப் பையில எடுத்து வை. நாளைக்கு என்கூட வந்துடு."

வாலு பையைப் பார்த்தாள். அப்புறம் கொல்லையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வலையைத் திறக்கலாம்னு இருக்கேன் அத்தை. வாங்க."

"நீ எதுக்குத் திறக்கணும்?"

"புதுசா வந்ததை நேரா உள்ள விட்டா, பழைய கோழிங்க கொத்தி ரத்தம் வர வச்சிடும். அதுங்க வீடு இல்லையா? அதனால புதுசு வலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல தீனி வைக்கணும். பார்த்துப் பார்த்தே பழகிடும்."

"யாரு சொன்னா?"

"அவங்கதான். எப்ப திறக்கிறதுன்னு கேட்டேன். 'உங்கம்மா கோழிங்க, நீ எப்ப சொல்றியோ அப்ப திறக்கலாம்'னாங்க. தாழ்ப்பாளைக்கூட பழைய கோழி பக்கம்தான் வச்சிருக்காங்க, பாருங்க."

திறந்தாள். மொட்டைக் கழுத்து முதலில் நுழைந்தது. சிவப்புக் கோழி ஒன்று பேருக்கு ஒரு கொத்து கொத்திவிட்டுத் தீனியைப் பார்க்கப் போய்விட்டது. வாத்துகள் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் அதைச் சேறாக்கின. வாலு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு காலம் ஆகிவிட்டது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரவுச் சாப்பாட்டின்போதும் புதியவள் தட்டோடு படிக்கே கிளம்பினாள். வாலு எழுந்தாள். அம்மா உட்கார்ந்திருந்த அந்தக் காலி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வெளியில வேணாம். உள்ளேயே உட்காருங்க."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "இனிமே கொத்த மாட்டேன்."

புதியவள் தட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

"கொத்துறதா? என்ன சொல்றா இவ?" என்றான் தம்பி.

"கோழியைப் பத்திச் சொல்றா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள் அவள்.

அக்கா அவள் கையை எட்டிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, சின்னச் சின்னதாகத் தழும்பு. கோழிக்கு ஏது பல்?

பிடித்த கையைக் கும்பிட வேண்டும்போல அக்காவுக்கு இருந்தது. விடவும் மனசு வரவில்லை.

"ஏன்க்கா, எந்தக் கோழி கொத்துச்சாம்?"

"நல்ல கோழிடா அது" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது இங்கேயே இருக்கட்டும். என் பையில நாலு முட்டை போட்டுக் குடுங்க, போதும்."