எட்டாவது வரிசை

இண்டஸ்ட்ரியல் எஞ்சினியரிங் இறுதியாண்டு புரொஜெக்டுக்காக துஷானி மனுரேவாவில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலைக்குப் போனாள். ஒரு நீள மேசையோரம் ஏழு பெண்கள் வரிசையாக நின்று பெட்டி கட்டினார்கள். ஒரு பெட்டிக்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை செக்கன் ஆகிறது என்று, ஆளுக்கொரு வரிசையாக, காலை முழுதும் எழுதினாள். மதியம் பார்த்தால் தாளில் எட்டு வரிசைகள். எட்டாவதும் அவளுடைய கையெழுத்துத்தான். எல்லாப் பெட்டிக்கும் பதினொரு செக்கன், கூடவுமில்லை குறையவுமில்லை. ‘நிற்கும் இடம்’ என்ற கட்டத்தில், ‘மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்’ என்றிருந்தது.

அங்கே ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாகக் கிடந்தது.

“அதிலை ஆர் அன்ரி நிக்கிறது?” என்று மூன்றாவதாக நின்ற ஸ்ரெல்லாவிடம் கேட்டாள்.

“ஒருத்தரும் இல்லை. நான் வேலைக்கு வரேக்கையே அந்த இடத்தை விட்டுத்தான் நிண்டவை. அதை மட்டும் மூடச் சொல்லிப் போடாதை, பிள்ளை.”

ஆனால் வெற்றிடத்தைத் தாண்டிப் பெட்டியை நகர்த்துவது வீண் அசைவு. வீண் அசைவைக் களையத்தானே அவள் இத்தனை வருடம் படித்தாள்? அந்த இடத்தை மூடலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மேசையை வெட்டிக் குறுக்கினார்கள்.

அடுத்த கிழமை, முன்னேற்றத்தை அளக்க வந்தாள். ஏழு பெண்களும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். ஒருத்தியும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று எழுதினாள்.

மதியம் தாளைப் பார்த்தாள். எட்டாவது வரிசை முழுக்கப் பதினொன்று. நிற்கும் இடம் என்ற கட்டத்தில், அவளுடைய கையெழுத்திலேயே, ‘எனக்குப் பின்னால்’ என்றிருந்தது.