ஆயுத பூஜைக்கு மறுநாள்

விஜயதசமி காலையில் எங்கள் ஸ்ரீரங்கம் டிடிபி கடைக் கம்ப்யூட்டர் கிளம்பவே இல்லை. ஃபேன் சுற்றியது, கறுப்புத் திரையில் ஒரே ஒரு ஆங்கில எரர் வரி மட்டும் நின்றது.

மெக்கானிக் செந்தமிழன் கேபினட்டைத் திறந்தார். "ஹார்ட் டிஸ்க்கையே காணோம், யமுனா மேடம்!"

பன்னிரண்டு வருஷக் கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் அதில்தான். "பூட்டை உடைச்சு எவனாவது..."

"இல்லைங்க. ஸ்க்ரூ மேல இருந்த சந்தனப் பொட்டு கலையாம காய்ஞ்சிருந்தது. பொட்டு வைக்கறதுக்கு முன்னாடியே கழட்டியிருக்காங்க. வச்சது யாரு?"

"நான் துடைச்சுப் பொட்டு வைக்கறேன், நீ போய்ப் பொரிகடலை வாங்கிட்டு வா" என்று நேற்று என்னை அனுப்பிய என் பார்ட்னர் ஜோதி.

போன் போட்டேன்.

"நல்ல நாளாச்சேன்னு மலைக்கோட்டையில தனியா கடை திறந்துட்டேன் யமுனா. உனக்கும் பொரிகடலை எடுத்து வச்சிருக்கேன், வா."