மரியாதை தெரிந்தவர்

“உன்னை யாரு உள்ளே விட்டது? எழுந்து வெளியே போ!”

பெண் காவலர் கலைமதி போட்ட சத்தத்தில் ஸ்டேஷனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

லூர்துமேரி பதறி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் புருஷன் இருதயராஜின் உடல் இன்னும் ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில்தான் கிடந்தது.

காலையில் ஒலக்கூர் ரோட்டில் சைக்கிளில் வந்தவனை ஒரு டிராக்டர் அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ரோட்டை ஒட்டின கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த லூர்துமேரி அதைக் கண்ணால் பார்த்தாள். ஓட்டியவன் ஊரில் பெரிய குடும்பத்து வல்லரசு. வேறு யாரும் பார்க்கவில்லை.

“கம்ப்ளைன்ட் குடுக்க வந்தேம்மா…”

“எழுதப் படிக்கத் தெரியுமா உனக்கு?”

“கையெழுத்து மட்டும் போடுவேம்மா.”

“அப்புறம் என்னா கம்ப்ளைன்ட்டு? படிச்சவங்க யாரையாவது இட்டுக்கினு வா. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதே. கிளம்பு, ஜல்தி!”

தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள்.

“கலைமதி! என்ன இது?”

உள்ளறையிலிருந்து வந்தார் எஸ்.ஐ. ஆனந்தராஜ்.

“புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறாங்க. அவங்ககிட்ட இப்படியா பேசுறது? நீங்க உட்காருங்கம்மா.”

தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்து, சொன்னதை எல்லாம் தன் கையாலேயே எழுதினார். எழுதியதை நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டினார். இடம், நேரம், டிராக்டர், வல்லரசு பேர் எல்லாம் அவள் சொன்னபடியே வந்தது.

லூர்துமேரி கையெழுத்துப் போட்டாள். மூலையில் நின்ற கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசல்வரை கூடவே வந்தார் ஆனந்தராஜ்.

“இந்த மாதிரி ஆளுங்களாலதாம்மா எங்களுக்கெல்லாம் கெட்ட பேரு. விழுப்புரம் பெரிய ஆபீஸ்ல அந்தப் பொண்ணு மேல ஒரு மனு குடுங்க. நான் சொல்றதைவிட நீங்க குடுத்தா எடுபடும்.”

அடக்கம் முடிந்த மறுவாரமே லூர்துமேரி விழுப்புரம் போய் மனு கொடுத்தாள். திட்டினது, தள்ளினது எல்லாம் நடந்ததுதானே? ஒரு வார்த்தை பொய் இல்லை.

பத்தாம் நாள் ஆனந்தராஜே போன் பண்ணினார். கலைமதியை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

“நீங்க நல்லா இருக்கணும் சார். என்னை மாதிரி ஏழை சொல்லுக்கும் மதிப்புக் குடுத்தீங்களே” என்று போனிலேயே அழுதாள் லூர்துமேரி.

அதோடு சரி. மூன்று மாதம் ஓடிவிட்டது. வல்லரசின் டிராக்டர் தினமும் அவள் வீட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனந்தராஜ் இப்போது போனை எடுப்பதே இல்லை.

மறுபடியும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். மனு வாங்கும் மேஜையில் இருந்த சித்ரா கேஸ் கட்டை எடுத்துப் பார்த்தாள்.

“ஏதோ தெரியாத வண்டி மோதிட்டுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா?”

“இல்லைங்க! வல்லரசுன்னு பேரு சொன்னேங்க. எஸ்.ஐ. படிச்சே காட்டினாருங்க!”

“இதுல அந்தப் பேரே இல்லை. இது உங்க கையெழுத்துதானே?”

அந்தத் தாளில் லூர்துமேரியால் படிக்க முடிந்தது அந்த ஒன்றைத்தான். அவளுடையதேதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்ராவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் நாலு தாளைப் புரட்டினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்களுக்காக ஒருத்தங்க பேசியிருக்காங்கம்மா. எஸ்.ஐ. புகாரை மாத்தி எழுதிட்டாருன்னு அதே ஸ்டேஷன் காவலர் ஒருத்தங்க மூணு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. கலைமதின்னு பேரு. வல்லரசு பேரு, டிராக்டர் நம்பரு, எல்லாம் இருக்குது.”

லூர்துமேரி நிமிர்ந்தாள்.

“அப்ப… அப்ப கேஸு நிக்குங்களா?”

“எங்கம்மா? அதைத் தள்ளிட்டாங்க. அவங்க மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்குதாம். அந்தக் கோவத்துல எஸ்.ஐ. மேல பழி போடுறாங்கன்னு முடிச்சுட்டாங்க. எந்தப் புண்ணியவதி அந்த நேரம் பார்த்து அவங்க மேல மனு குடுத்தாளோ! இருங்க, பேரு பார்க்கிறேன்…”

“பார்க்க வேணாங்க,” என்றாள் லூர்துமேரி. “அது நான்தாங்க.”