வெயில் கேட்ட காசித்தும்பை

வாதுமை மரத்தடி நிழலில் வெள்ளைக் காசித்தும்பைச் செடி ஒன்று கொள்ளையாய்ப் பூத்திருந்தது. ஆனாலும் அதற்கு ஒரு மனக்குறை. காலையில் பூப்பறிக்க வரும் அம்மா, வெயிலில் நிற்கும் செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவாள். காசித்தும்பையின் பூவை ஒருநாளும் சாமிக்குப் பறித்ததில்லை.

"எல்லாம் உன்னாலதான் மரத்தண்ணே! பந்தல் போட்ட மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்கிறே. நான் சாமி காலடிக்குப் போக வேண்டாமா?" என்று தினமும் புலம்பியது.

மரத்துக்கு இளகின மனசு. ஒருநாள் கேட்கப் பொறுக்காமல் உடம்பைச் சிலிர்த்து, இலை அத்தனையையும் உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு நின்றது.

"இப்ப சந்தோஷமா தங்கச்சி?"

காசித்தும்பைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வெயில் ஏற ஏறக் கழுத்து தொங்கிப்போயிற்று.

"அட பாவி அண்ணே! நான் ஆயிரம் சொல்லுவேன், அதுக்காக இப்படியா உதிர்த்துடுவே?" என்று முனகியது.

"ஐயோ, மறுபடி துளிர்க்க நாளாகுமே!" என்று மரம் கையைப் பிசைந்தது.

பக்கத்திலிருந்த நத்தைக்கு மனசு கேட்கவில்லை. முதுகு ஓடு கொதிக்கக் கொதிக்க, உதிர்ந்து கிடந்த பெரிய இலை ஒன்றை இழுத்து வந்து, ஒருவழியாகச் செடியின் தலைக்குமேல் பிடித்தது.

குளிர்ச்சி பட்டதும் காசித்தும்பைக்கு உயிர் வந்தது. மெல்லக் கண் திறந்தது.

"மகராசியா இருப்பீங்க நத்தையக்கா. இலையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. அம்மா வந்தா என் முகம் தெரிய வேண்டாமா?"