வெள்ளிக் கண்மலர்

"டாக்டரம்மா, இவளுக்கு எதையாவது குடுத்துச் சரியாக்குங்க. இல்லைன்னா என்னைய எங்கிட்டாவது சேத்துவிட்ருங்க" என்றார் சீனிச்சாமி, நாற்காலியில் உட்காரும் முன்பே.

அவர் மனைவி வேலுத்தாய் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குக் கழுத்துல தைராய்டு இருக்கும்போல, பாக்கணும்" என்று நச்சரித்து அவரைச் சிவகாசிக்கு இழுத்து வந்தவள் அவள்தான்.

"என்ன செய்யுது அவங்களுக்கு?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. ஃபேனைப் போட்டா குளிருதுங்கா. நான் புழுக்கத்துல வெந்து சாகுறேன். சோத்தைக் கோழிக்குப் போடுற மாதிரி போடுறா. தின்ன கையோட திரும்பப் பசிக்குது. சட்டை தைக்கக் குடுத்தா தொளதொளன்னு வாங்கியாறா. டம்ளர் தளும்பக் காப்பியை ஊத்துறா. அம்புட்டும் என் கையில கொட்டுது. இதுல இருக்கங்குடி மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துறேன்னு வேற நேந்திருக்கா. இவ கண்ணுக்கு என்ன கேடு?"

வேலுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவளால என் பொழப்பும் போச்சு. அச்சங்குளத்துல பட்டாசுக்கு மருந்து செலுத்துற ஆளு நான். போர்மேன் சங்கிலிமுத்து, 'வீட்டுல வைத்தியத்தை முடிச்சிட்டு வாங்க, அதுவரைக்கும் லேபிள் ஒட்டுங்க'ன்னு சொல்லிட்டாரு. தீபாவளி சீசன்ல எனக்குப் பசைச் சட்டி."

"இந்தத் தைராய்டு நோயும் பசை சமாச்சாரம்தான்" என்றார் டாக்டர். "உடம்பைக் காக்குற வெள்ளை அணுக்கள் ரத்தத்துல ஓடிட்டே இருக்கும். தைராய்டு செல் மேல பசை மாதிரி சில மூலக்கூறு உண்டு. அது அளவு மீறிச்சுன்னா, அந்த அணுக்கள் கூட்டமா அங்கயே ஒட்டிக்கிட்டு, சொந்தச் சுரப்பியவே பகையாளியா நெனச்சுச் சீண்டும்."

"அதான் இவ என்னையச் சீண்டுறாளாக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க ரெண்டு கையையும் நீட்டுங்க."

"எனக்கு எதுக்கு?"

"நீட்டுங்களேன்."

விரித்த விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடத்தது.

"ஃபேன் காத்து" என்றார் சீனிச்சாமி.

டாக்டர் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். றெக்கைகள் ஓய்ந்தன. தாள் ஓயவில்லை.

இந்தக் கையோடா பட்டாசு மருந்து அறைக்குள் போகத் துடித்தோம் என்று நினைத்த சீனிச்சாமி கைகளை மடியில் இறக்கிக்கொண்டார்.

"தைராய்டு கூடுதலாச் சுரந்தா இப்படித்தான் புழுக்கம், பசி, கை நடுக்கம் எல்லாம் வரும். ரத்தம் எடுத்து உறுதி பண்ணிடலாம். மாத்திரையில அடங்கும். கை நிதானப்பட்டதும் பழைய வேலைக்குப் போகலாம்."

"அப்ப... இவளுக்கு?"

"ஒண்ணுமில்ல. 'எனக்குன்னு சொன்னாத்தான் வருவாக'ன்னு முன்னாடியே வந்து என்கிட்ட சொல்லிட்டாங்க. உங்களை மருந்துப் பக்கம் விட வேண்டாம்னு போர்மேன்கிட்ட பேசினதும் அவங்கதான்."

வேலுத்தாய் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து, அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"டாக்டரம்மா, அந்த ஃபேனைப் போட்டுவிடுங்க. இவுக வேக்காடு தாங்க மாட்டாக" என்றவள், பிதுங்கி நின்ற அவர் விழிகளைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"கண்மலரும் ஒங்களுக்குத்தான் நேந்தேன்."