கொக்கைத் தேடிப் போன தும்பி

முயல்குட்டியின் தொண்டையில் முள் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக்கூடியவர் கொக்கு வைத்தியர் ஒருவர்தான். அழைக்கப் போன கிளி தனியே திரும்பி வந்தது.

"குளத்தில் இல்லையாம், வாய்க்காலுக்குப் போயிட்டாராம். அங்கே போகட்டுமா?"

"போயேன்!" என்று தாய்முயல் தலையிலடித்துக்கொண்டது.

தும்பிக்குப் பொறுக்கவில்லை. கிளியை முந்திக்கொண்டு வாய்க்காலுக்குப் பறந்தது.

"ஏரிக்குப் போயிட்டாரே" என்றது நண்டு. தும்பி அப்படியே ஏரிக்குத் திரும்பியது.

"குளத்துக்குப் போயிட்டார்" என்றது ஆமை.

"குளத்தில் கேட்டால் வாய்க்கால், வாய்க்காலில் கேட்டால் ஏரி, இங்கே கேட்டால் மறுபடி குளமா? யாரைச் சுத்தவிடுறே?"

ஆமை அசடு வழிந்தது. "பின்னாலதான் தூங்குறார். எழுப்பாதேன்னார்."

தும்பி கொக்கின் மூக்கு நுனியிலேயே போய் உட்கார்ந்தது.

விழித்த கொக்கு வந்து குட்டியின் வாயில் அலகை விட்டதும் முள் வெளியே வந்தது. குட்டி "பசிக்குது!" என்று கத்திய நேரத்தில் கிளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

"வாய்க்காலிலும் இல்லையாம். ஏரிக்குப் போகட்டுமா?"