சூடேறினால் நிற்கும் காயில்

சரியாகப் பத்தே நிமிடம் ஓடிவிட்டு, அந்த ஐம்பது வருஷத்துப் பழைய கார் நடுரோட்டில் உயிரை விட்டது. திருடியவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! காரை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் துப்பில்லாத சொந்தக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினான்.

மதியத்துக்குள் காரைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால், வாங்குகிற ஆள் ஊரைவிட்டே கிளம்பிவிடுவான். நல்லவேளை, எதிரிலேயே ஒரு பட்டறை. தள்ளிக்கொண்டு போனான்.

மெக்கானிக் காரை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார்.

"பரம்பரைக் காருங்க. எங்க தாத்தா வாங்கினது. சாவி தொலைஞ்சு போச்சு, ஒயரை முறுக்கித்தான் கிளப்பினேன்."

"தாத்தா ரசனைக்காரர்தான் சார்."

ரோட்டில் அவனிடம் அடம்பிடித்த பானெட், மெக்கானிக் இடது மூலையில் ஒரு தட்டுத் தட்டியதும் திறந்துகொண்டது. இன்ஜினுக்கு மின்பொறி கொடுக்கும் காயிலில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை.

"காயில் போச்சு சார். இருங்க, வரச் சொல்றேன்" என்று வெளியே போய் போன் பேசிவிட்டு வந்தார். பிறகு காயிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். அரைமணி கழித்து மறுபடி மீட்டரை வைத்தார். முள் ஜோராக ஏறியது.

"நல்லாத்தானே இருக்கு!"

"ஆறினா நல்லாத்தான் இருக்கும் சார். சூடேறினாத்தான் குணம் தெரியும்."

அடப்பாவி! நல்ல காயிலைக் கெட்டது என்று சொல்லி, புதுசைத் தலையில் கட்டப் பார்க்கிறானே! உழைத்துச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே இல்லையா இந்தக் காலத்தில்? திருடன் உண்மையாகவே நொந்துபோனான்.

"யாரை ஏமாத்தப் பாக்கறே? போலீசுக்குப் போயிடுவேன்!"

"நீங்க ஏன் சார் அலையணும்? உட்காருங்க."

மெக்கானிக் அலமாரியிலிருந்து ஒரு புதுக் காயிலை எடுத்துப் பொருத்தி, ஒயர்களை நிதானமாக மாட்டினார்.

"புதுசு இங்கேயே இருக்கா? அப்ப போன்ல யாரை வரச் சொன்னே?"

வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து அந்தக் காரின் சாவியை எடுத்தபடி, "ரொம்ப நன்றி சார், எங்க வீட்டு வாசல்லேர்ந்து இந்தப் பழைய காயில் எவ்வளவு தூரம் தாங்கும்னு ஓட்டிப் பாக்க எனக்குத்தான் ரெண்டு நாளா நேரமே கிடைக்கலை" என்றார்.